ரெக்சாஸ் சட்டசபையில் துவக்கு: செத்தும் சாகாத சட்டமூலங்கள்

ரெக்சாஸ் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமாதான். தொப்பி, குதிரை, இடுப்பின் இருபுறமும் பிஸ்ரல். ஊரில் ஜெனறேற்றர் வாடகைக்கு எடுத்து விடிய விடிய வீடியோ ஓடிய இரவுகளில் நாம் பார்த்த ரெக்சாசில் ஆண்பிள்ளைகள் துவக்கோடுதான் பிறந்தார்கள். பின்னாளில் அகதியாக வந்து, இதே மாநிலத்தின் தடுப்புமுகாமில் சில மாதங்கள் இருந்து, வெளியே வந்து ஹூஸ்ரனில் றெஸ்ரோறன்ற் சமையலறைகளில் நிற்கத் தொடங்கிய பிறகும் எமக்குச் சொல்லப்பட்டது அதே கதைதான். "துவக்கு எங்கள் மரபு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இடுப்பில் இருப்பது. அதை எந்த அரசாங்கமும் தொட்டதில்லை." எம்மோடு வேலை செய்த வெள்ளைக்காரர் சொன்னார், ஊர்க்காரர் ஒருவரும் அப்படியே நம்பிக்கொண்டு, "தம்பி, இவங்கள் கவ்போய் பரம்பரை, இவங்களுக்குச் சட்டம் கிட்டம் ஒண்டும் இல்லை" என்று எமக்கு விளக்கம் தந்தார்.

சட்டப்புத்தகத்தில் இருப்பது வேறு. 1871 இலிருந்து 1995 வரை, முழுசாக 124 வருடங்கள், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது ரெக்சாசில் குற்றம். இப்போது மரபு என்று பேசப்படும் உரிமை 1996 இல்தான் நடைமுறைக்கு வந்தது. எம் வயதிலும் சின்னது அது. அந்த உரிமை எப்படி வந்தது என்பதைத் தேடப்போய், ஒஸ்ரினிலுள்ள மாநிலச் சட்டசபையில் சட்டமூலங்கள் எப்படிச் சாகின்றன, செத்தவற்றில் எது எழும்பி வருகிறது, எது வருவதில்லை என்ற கேள்வியில் வந்து நின்றோம். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு இந்தக் கெட்டபழக்கம் மட்டும் போவதில்லை.

1871 ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உள்நாட்டு யுத்தம் 1865 இல் முடிந்தது. அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் விடுதலையானார்கள். தோற்றுப்போன தெற்கின் படையாட்கள் ஆயுதங்களோடு வீடு திரும்பினார்கள். அடுத்துவந்த வருடங்கள் ரெக்சாசின் கிராமப்புறங்களில் கொலை மலிந்த வருடங்கள். 1868 இல் கூடிய அரசியலமைப்பு மாநாடு ஒரு குழுவை வைத்துக் கணக்கெடுத்தபோது, யுத்தம் முடிந்த மூன்று வருடங்களுக்குள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கொலைகள் நடந்திருப்பதாக அக்குழு அறிக்கை கொடுத்தது. அதன் பின் ஆளுநராக வந்தவர் எட்மண்ட் ஜே. டேவிஸ். ரெக்சாசில் வாழ்ந்துகொண்டே யுத்தத்தில் வடக்கின் பக்கம் போய்ப் போராடியவர். குடியரசுக் கட்சிக்காரர் (அக்காலக் குடியரசுக் கட்சி லிங்கனின் கட்சி என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும்; இன்றைய கட்சியோடு பொருத்திப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகும்). அவர் 1870 இல் மாநிலப் பொலிஸ் ஒன்றை உருவாக்கினார். அதில் கறுப்பர்களும் சேர்க்கப்பட்டனர். 1871 ஏப்ரல் 12 ஆம் திகதி ஆயுதம் தாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. பிஸ்ரல், குத்துவாள், வாள் மறைத்த கைத்தடி, போவி கத்தி, விரலில் மாட்டும் பித்தளைக் கட்டை ஆகியவற்றோடு வெளியே திரிந்தால் 25 இலிருந்து 100 டொலர்வரை தண்டம், ஆயுதமும் பறிபோகும். வீட்டிலும் சொந்த வளவிலும் வைத்திருக்கலாம். நீண்ட துவக்குகளைச் சட்டம் தொடவில்லை. பிரயாணி தன் மூட்டையோடு ஆயுதம் கொண்டுபோகலாம்.

"பிரயாணி" என்ற இந்த ஒரு சொல்லை வைத்து ரெக்சாஸ் வழக்கறிஞர்கள் நூறு வருடங்களுக்கு மேல் சாப்பிட்டார்கள். எவ்வளவு தூரம் போனால் ஒருவன் பிரயாணி? அடுத்த மாவட்டம் காணுமா? இரவு தங்கவேண்டுமா? இடையில் கள்ளுக்கடையில் இறங்கினால் பிரயாணம் முறிந்துவிடுமா? காருக்குள் துவக்கு வைத்திருப்பவனைப் பற்றி 2005 இலும் 2007 இலும் புதிய சட்டங்கள் இயற்றித்தான் அந்த வழக்குகளுக்கு முடிவு கட்டினார்கள்.

அதைவிடச் சுவாரஸ்யமானது டேவிஸ் வீழ்ந்த பிறகு நடந்தது. 1873 இல் சட்டசபையைப் பிடித்த சனநாயகக் கட்சியினர், அதாவது தோற்ற தெற்கின் ஆட்கள், முதல் வேலையாக டேவிசின் மாநிலப் பொலிசைக் கலைத்தார்கள். அடுத்த வருடம் டேவிசும் போனார். 1876 இல் அரசியலமைப்பையே புதிதாக எழுதினார்கள். ஆனால் துவக்குச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டது மட்டுமல்ல, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அதே பிரிவிலேயே, குற்றத்தைத் தடுக்கும் நோக்கோடு ஆயுதம் அணிவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் சட்டசபைக்கு உண்டு என்றும் எழுதி வைத்தார்கள். அந்த வாசகம் இன்றும் அங்கே இருக்கிறது. விடுதலையான கறுப்பர்களைக் கொலைகாரரிடமிருந்து காக்கவென வந்த சட்டம், கை மாறிய பிறகு கறுப்பர்களையும் மெக்சிக்கர்களையும் நிறுத்திச் சோதிப்பதற்கும் வசதியாகப் போயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எமக்கு இது புதினமில்லை. தற்காலிகம் என்று 1979 இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் யார் யார் கைக்கெல்லாம் போனது என்று பார்த்தவர்கள்தானே நாம். (2022 இல் நியூயோர்க் வழக்கொன்றில் அமெரிக்க உயர்நீதிமன்றம் பழைய சட்டங்களையெல்லாம் கிண்டிப் பார்த்தபோது இந்த ரெக்சாஸ் சட்டத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்தது. 124 வருட விதிவிலக்கு!)

இனி, சட்டசபையின் உள்வீடு. இதை விளங்காமல் மிச்சக் கதை விளங்காது.

ரெக்சாஸ் சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒற்றைப்பட வரும் ஆண்டின் தைமாதம் இரண்டாவது செவ்வாயில் தொடங்கி 140 நாட்கள். கீழ்ச்சபையில் 150 பேர், செனற்றில் 31 பேர். அவர்களுக்கு மாதச் சம்பளம் 600 டொலர். எமது றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுபவரின் சம்பளத்தைவிடக் குறைவு என்று சிரிக்கலாம், ஆனால் அவர்கள் யாரும் அந்தச் சம்பளத்தில் வாழ்வதில்லை. 140 நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான சட்டமூலங்கள் வந்து குவியும். பெரும்பாலானவை வாக்கெடுப்பில் தோற்பதில்லை. வாக்கெடுப்புக்கே வருவதில்லை. குழுவின் தலைவர் விசாரணைக்கு எடுக்காமல் விடுவார். விசாரித்தால் வாக்குக்கு விடாமல் வைத்திருப்பார். அதைத் தாண்டினால் நிகழ்ச்சிநிரல் குழு என்று ஒன்று. அது திகதி கொடுக்கவேண்டும். மே மாதம் பிறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடைசி இரவு. அந்த இரவு பன்னிரண்டு மணி தாண்டினால் சட்டமூலம் செத்தது. யார் கொன்றது என்று கேட்டால் மணிக்கூட்டைக் காட்டுவார்கள்.

செனற்றில் இன்னொரு விசித்திரம் இருந்தது. சட்டமூலங்களை வரிசைப்படிதான் எடுக்கவேண்டும் என்பது விதி. ஆகவே தொடக்கத்திலேயே யாரும் நிறைவேற்ற நினைக்காத ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்து வரிசையின் தலையில் போட்டுவிடுவார்கள். வழக்கமாக அது மாவட்டப் பூங்காக்களை அழகுபடுத்தும் சட்டமூலம். பூங்கா வழியை மறித்துக்கொண்டு கிடக்கும். அதைத் தாண்டி வேறெதையும் எடுப்பதென்றால் விதியை இடைநிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது 31 இல் 21 பேர். 11 பேர் சேர்ந்து நின்றால் எதையும் மறிக்கலாம். பல வருடங்களாக ரெக்சாசின் துவக்குச் சட்டமூலங்களை மறித்து நின்றவற்றில் ஒருபோதும் வைக்கப்படாத இந்தப் பூஞ்செடிகளும் உண்டு.

இப்போது 1991 க்கு வருவோம்.

ஒக்ரோபர் 16, புதன்கிழமை, மதிய நேரம். ஃபோட் ஹூட் இராணுவ முகாமை அடுத்த கில்லீன் நகரில் லூபீஸ் கபிற்றீரியா. வரிசையில் நின்று தட்டில் சாப்பாடு எடுத்துப்போய் இருந்து சாப்பிடும் வகையான இடம். ஒருவன் தன் பிக்கப் வாகனத்தை முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே செலுத்தினான். இறங்கிச் சுடத்தொடங்கினான். 23 பேரைக் கொன்றான். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்றைய தேதிவரை அமெரிக்காவில் தனியொருவன் ஒரே இடத்தில் துவக்கால் இவ்வளவு பேரைக் கொன்றதில்லை.

உள்ளே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா கிறேற்ரியா. முதுகெலும்புச் சிகிச்சை செய்பவர். அவரிடம் ஒரு றிவோல்வர் இருந்தது. ஆனால் அதைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். கைப்பையில் கொண்டுவந்து பிடிபட்டால் 1871 இன் சட்டப்படி குற்றம். தொழில் அனுமதி போய்விடும் என்ற பயம். அவருடைய தகப்பன் சுட்டவனை மடக்கப் பாய்ந்து சூடுபட்டார். பின்புற யன்னல் உடைந்ததும் சுசானா தப்பி வெளியே ஓடினார். தாய் பின்னால் வருவதாக நினைத்தார். தாய் வரவில்லை. புருசனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அங்கேயே கொல்லப்பட்டார். சட்டத்தை மதித்து நடந்ததால் பெற்றோரை இழந்தேன் என்று அந்தப் பெண் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். சுசானா ஹப் என்ற பெயரில் 1996 இல் ரெக்சாஸ் கீழ்ச்சபைக்குத் தெரிவாகிப் பத்து வருடம் இருந்தார். நாம் அவருடைய அரசியலோடு உடன்படவில்லை. ஆனால் அவருடைய வாதத்தைத் துவக்குக் கம்பனியின் பிரச்சாரம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்களோடும் உடன்படமாட்டோம். கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும்போது தாய் தகப்பன் சாவதைப் பார்ப்பது என்னவென்று எம் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கட்டடத்தில் இன்னொருவரும் இருந்தார். சமையலறையில் வேலைசெய்த பத்தொன்பது வயதுப் பெடியன். அவன் கோப்பை கழுவும் பெரிய மெசினுக்குள் புகுந்து ஒளித்துக்கொண்டான். பொலிஸ் வந்து, பிணங்கள் எடுத்து, எல்லாம் முடிந்தும் வெளியே வரவில்லை. அடுத்த நாள்தான் கண்டெடுத்தார்கள். அந்த மெசின் எமக்குத் தெரியும். தினமும் இரவு அதன் உட்புறத்தை உரஞ்சிக் கழுவுகிறவர்கள் நாம். அதற்குள் ஒரு ஆள் மடங்கி இருப்பதென்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதைக் கணக்குப் பார்க்கமுடிகிறது. லூபீசில் அன்று நடந்ததிலிருந்து சட்டசபை எடுத்துக்கொண்ட பாடம் காரிலிருந்த றிவோல்வரின் பாடம். மெசினுக்குள் இருந்தவனின் பாடம் என்னவென்று கேட்டு ஒரு சட்டமூலம் வந்ததாக நாம் காணவில்லை.

கொலை நடந்த மறுநாள், ஒக்ரோபர் 17, வாஷிங்ரனில் அமெரிக்கக் காங்கிரசின் கீழ்ச்சபையில் தாக்குதல் துவக்குகளைத் தடைசெய்யும் பிரிவு வாக்குக்கு வந்தது. 247 க்கு 177 என்ற கணக்கில் அதை நீக்கிவிட்டார்கள். கில்லீன் நகரைப் பிரதிநிதித்துவப்படுத்திய சற் எட்வேட்ஸ் மட்டும் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு தடைக்கு ஆதரவாக நின்றார்.

ஒஸ்ரினில் நடந்தது நேர் எதிர்த்திசை. ஹூஸ்ரனின் கறுப்பினப் பிரதிநிதி றொன் வில்சன், சனநாயகக் கட்சிக்காரர், மறைத்துத் துவக்குக் கொண்டுசெல்லும் உரிமைக்காக நின்றவர்களில் முன்னணியில் இருந்தார். கறுப்பர் எல்லாம் இந்தப் பக்கம், வெள்ளையர் எல்லாம் அந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அப்போது ஆளுநர் ஆன் றிச்சட்ஸ். நாக்கில் கூர் உள்ள பெண். ரெக்சாஸ் பெண்கள் கைப்பைக்குள் உதட்டுச்சாயத்தையே தேடி எடுக்கமுடியாமல் திண்டாடும்போது துவக்கை எங்கே எடுப்பது என்று பகிடி விட்டவர். தானே பறவை வேட்டைக்குப் போகிறவர்தான், ஆனால் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார். ஆகவே 1993 இல் வந்த சட்டமூலம், இதுபற்றி மக்களின் கருத்தைக் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற அளவுக்குக் குறுகி இரு சபைகளையும் தாண்டியது. அந்த வாக்கெடுப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. அதையும் றிச்சட்ஸ் வீற்றோ செய்தார். அந்தச் சட்டமூலத்தின் இலக்கம் 1776. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த ஆண்டு.

1994 தேர்தலில் றிச்சட்சைத் தோற்கடித்தவர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ். அந்தச் சட்டமூலம் தன் மேசைக்கு வந்தால் கையெழுத்திடுவேன் என்று சொல்லி வந்தவர். (அதே தேர்தற் காலத்தில் புறா வேட்டைக்குப் போய், சுடக்கூடாத பறவையொன்றைச் சுட்டு 130 டொலர் தண்டம் கட்டியவரும் அவரே.) செனற்றர் ஜெரி பற்றர்சன் கொண்டுவந்த செனற் சட்டமூலம் 60 இல் 1995 மே 26 ஆம் திகதி புஷ் கையெழுத்திட்டார். 21 வயதாகியிருக்கவேண்டும், பத்து மணித்தியாலப் பயிற்சி, 140 டொலர் கட்டணம், குற்றப்பதிவு பார்த்தல், துவக்கு வெளியே தெரியக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதிப்பத்திரம். 1871 கழன்றது.

அதன் பிறகு நாம் வேலைசெய்யும் வகையான இடங்களின் கதவுகள் வாசிக்கவேண்டிய பொருட்களாயின. குடிவகையால் வரும் வருமானம் 51 வீதமோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் துவக்கு கூடாது. சிவப்பில் பெரிதாக 51% என்று எழுதிய பலகை தொங்கவேண்டும். கோழிப்பொரியல் அதிகம் விற்றால் துவக்கு வரலாம், பியர் அதிகம் விற்றால் வரக்கூடாது. முதலாளி தன் கடைக்குள் துவக்கு வேண்டாம் என்றால் 1997 இல் வந்த 30.06 ஆம் பிரிவின்படி பலகை வைக்கவேண்டும். எழுத்து ஒரு அங்குல உயரம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். 30.06 என்பது வேட்டைக்காரர் விரும்பும் ஒரு றைபிள் தோட்டாவின் அளவுப் பெயர் என்பது இங்கு எல்லாருக்கும் தெரிந்த பகிடி. 2015 இல் வெளிப்படையாகக் கொண்டுசெல்லும் சட்டம் வந்ததும் அதற்கு 30.07 என்று இரண்டாவது பலகை. 2021 க்குப் பிறகு அனுமதிப்பத்திரமே இல்லாதவர்களை மறிக்க 30.05 என்று மூன்றாவது. மூன்றையும் ஒட்டினால் மெனு ஒட்ட இடமில்லை. எங்கள் இடமொன்றில் முதலாளி மூன்றையும் கழற்றிவிட்டார்; கொள்கை ஏதுமில்லை, கண்ணாடிக்கதவு வெளிச்சம் விடவில்லையாம்.

1995 இன் சட்டம் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் துவக்கை விடவில்லை. அதை மாற்றுவதற்கான சட்டமூலங்களின் வரலாறுதான் நாம் சொல்லவரும் விடயத்துக்கு நல்ல உதாரணம். வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் 2007 இல் 32 பேர் கொல்லப்பட்ட பின் இந்தக் கோரிக்கை வேகம் பிடித்தது. 2009 இல் ஜெஃப் வென்ற்வேத்தின் சட்டமூலம் செனற்றில் நிறைவேறியது. கீழ்ச்சபைக்குப் போனது. அங்கே சனநாயகக் கட்சியினர் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தைக் கொல்வதற்காக ஐந்து நாட்களாக, பிரச்சினையில்லாத சின்னச் சட்டமூலங்களையெல்லாம் பேசிப் பேசி இழுத்தடித்தார்கள். மணிக்கூடு அடித்தது. வரிசையில் பின்னால் நின்ற துவக்குச் சட்டமூலமும் சேர்ந்து செத்தது. அதை நோக்கி யாரும் சுடவில்லை. குறுக்கே நின்றதால் பட்டது. 2011 இல் திரும்ப வந்தது. பூங்காவைத் தாண்ட 21 பேர் சேரவில்லை. வென்ற்வேத் அதை உயர்கல்விப் பணச் சட்டமூலமொன்றில் திருத்தமாகச் செருகினார். கீழ்ச்சபையில் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பி அதையும் விழுத்தினார்கள். 2013 இல் கீழ்ச்சபையில் நிறைவேறிச் செனற்றில் செத்தது.

மூன்று தடவை செத்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்த்தவர்கள் வென்றோம் என்று வீட்டுக்குப் போனார்கள். ஆதரித்தவர்கள் விதிகளைப் பார்த்தார்கள். 2015 தைமாதம் துணை ஆளுநராகப் பதவியேற்ற டான் பற்றிக்கின் தலைமையில் செனற் முதலில் மாற்றியது துவக்குச் சட்டத்தை அல்ல, பூங்கா விதியை. மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்றாகியது. 21 தேவைப்பட்ட இடத்தில் 19 காணும். குடியரசுக் கட்சியினர் 20 பேர். பல்கலைக்கழகச் சட்டமூலம் 20 க்கு 11 என்று செனற்றைத் தாண்டியது; கீழ்ச்சபையில் மே 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னர் நிறைவேறியது. ரெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் தலைமை நிர்வாகியாக அப்போது இருந்த வில்லியம் மக்றேவன் இதை எதிர்த்தார். பின்லாடனைக் கொன்ற நடவடிக்கையை நடத்திய கடற்படைத் தளபதி அவர். துவக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. நோபல் பரிசு பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஸ்ரீவன் வைன்பேர்க் தன் வகுப்பில் துவக்கை விடமாட்டேன் என்றார். தனியார் பல்கலைக்கழகங்கள் விலகிக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது. அநேகமாக எல்லாமே விலகிக்கொண்டன. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஆகஸ்ட் 1. ஒஸ்ரின் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி நின்று ஒரு மாணவன் கீழே நடந்தவர்களைச் சுட்டது 1966 ஆகஸ்ட் 1. சரியாக ஐம்பது வருடம். திட்டமிட்டு வைத்த நாளல்ல என்றார்கள். அதுதான் இன்னும் மோசம். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்தக் காலத்துச் சட்டசபைக் கட்டடமும் ஒரு காட்சிப்பொருள். 2010 இல் வாசலில் ஒருவன் சுட்டபின் உலோகச் சோதனைக் கருவிகள் வைத்தார்கள். ஆனால் துவக்கு அனுமதிப்பத்திரம் காட்டுபவர்களுக்குத் தனி வழி விடப்பட்டது; அவர்கள் சோதனையின்றி உள்ளே போகலாம். வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்ட தரகர்கள் இதற்காகவே அனுமதிப்பத்திரம் எடுத்தார்கள். 2015 தைமாதம் வெளிப்படையாகத் துவக்குக் கொண்டுசெல்லும் உரிமை கேட்ட ஒரு கூட்டம் பொன்சோ நெவாறெஸ் என்ற பிரதிநிதியின் அறைக்குள் புகுந்து வெளியே போக மறுத்தது. அதைத் தொடர்ந்து கீழ்ச்சபை, அங்கத்தவர்களின் அறைகளில் அபாய மணி பொருத்த அனுமதித்து விதி செய்தது. அதே வருடம் அதே சபை அந்தக் கூட்டம் கேட்ட சட்டத்தையும் நிறைவேற்றிக் கொடுத்தது.

அடுத்த கோரிக்கை அனுமதிப்பத்திரமே வேண்டாம் என்பது. 2017 இல் வந்தது, செத்தது. 2019 இல் வந்தது. அதற்காக வேலைசெய்த ஒருவர் சபாநாயகர் டெனிஸ் பொனெனின் வீட்டுக்கே போய்விட்டார்; வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். பொனென் கொதித்துப்போனார். சட்டமூலம் குழுவிலேயே கைவிடப்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் யாரென்றால், நான்கு வருடங்களுக்கு முன் அறைக்குள் அகப்பட்ட அதே நெவாறெஸ். அந்த வருடம் ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டில் 23 பேரும், மாதக் கடைசியில் மிட்லண்ட், ஒடேசா நகரங்களில் 7 பேரும் கொல்லப்பட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கிடையிலான துவக்கு விற்பனையில் பின்னணி பார்க்கவேண்டும் என்று டான் பற்றிக்கே சொன்னார். சபை அடுத்துக் கூட இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. 140 நாள் சபையில் துக்கத்துக்கும் தவணை உண்டு. 2021 தைமாதம் கூடியபோது செனற் செய்தது என்னவென்றால், விதியை மறுபடி குறைத்தது; 19 இலிருந்து 18. குடியரசுக் கட்சியின் எண்ணிக்கை அப்போது 18 ஆகக் குறைந்திருந்தது. மே 5 இல் அனுமதிப்பத்திரமில்லாச் சட்டமூலம் 18 க்கு 13 என்று செனற்றில் நிறைவேறியது. பொலிஸ் அதிகாரிகள் பலர் எதிர்த்தார்கள், கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். ஆளுநர் கிரெக் அபொற் ஜூன் 17 இல் அலமோ கோட்டையில் மேடைபோட்டு விழா எடுத்தார். 21 வயதானவர், வேறு தடையில்லாதவர், பயிற்சியோ பத்திரமோ இன்றிக் கைத்துப்பாக்கியோடு திரியலாம் என்றானது 2021 செப்ரெம்பர் 1 இல்.

2022 மே 24. உவால்டே, றொப் ஆரம்பப் பாடசாலை. 19 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். சுட்டவனுக்குப் பதினெட்டு வயது. பிறந்தநாள் கழிந்த கையோடு சட்டப்படி கடையில் காசு கொடுத்து இரண்டு றைபிள் வாங்கியிருந்தான். நூற்றுக்கணக்கான பொலிசார் வந்து குவிந்தும் 77 நிமிடம் அறைக்குள் போகவில்லை. இதைப் பற்றி மேலே எழுத எமக்குக் கை வரவில்லை.

2023 இல் உவால்டேயின் பிரதிநிதி ரேசி கிங், அவ்வகை றைபிள் வாங்கும் வயதை 18 இலிருந்து 21 ஆக்கும் சட்டமூலம் 2744 ஐக் கொண்டுவந்தார். துவக்கைப் பறிக்கும் சட்டமல்ல, மூன்று வருடம் பொறுக்கச் சொல்லும் சட்டம். ஏப்ரல் 18 இல் குழு விசாரணை. காலையிலேயே வந்த பெற்றோர் 13 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, பிள்ளைகளின் படங்களோடு நடுச்சாமத்தில் சாட்சி சொன்னார்கள். அதன் பிறகு மூன்று கிழமை வாக்கெடுப்பு இல்லை. மே 6 இல் டலசுக்கு வடக்கே அலன் நகரக் கடைத்தொகுதியில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். மே 8 இல் பெற்றோர் சட்டசபை மண்டபத்தில் நின்று கோஷமிட்டுக்கொண்டிருக்க, குழு அவசரமாகக் கூடி 8 க்கு 5 என்று சட்டமூலத்தை வெளியே விட்டது. குடியரசுக் கட்சியின் இருவர் ஆதரித்தனர். அது நடக்குமென்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பெற்றோர் கட்டிப்பிடித்து அழுதார்கள். மறுநாள் மே 9 இரவு நிகழ்ச்சிநிரல் குழு திகதி கொடுப்பதற்கான கடைசித் தவணை. திகதி கொடுக்கவில்லை. முடிந்தது. 150 பேரில் ஒருவரும் அந்தச் சட்டமூலத்துக்கு எதிராகக் கீழ்ச்சபையில் கையுயர்த்தவேண்டி வரவில்லை. ஆதரித்த இருவரில் ஒருவரான ஜஸ்ரின் ஹொலண்ட் 2024 உட்கட்சித் தேர்தலில் தோற்றார்.

மாதாமாதம் அவசரகாலச் சட்டம் நீடிக்கப்பட்ட ஒரு பாராளுமன்றத்தை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே எமக்கு எதிரான சட்டங்கள் வெளிச்சத்தில், கையுயர்த்தி நிறைவேறின; யார் உயர்த்தினார்கள் என்று பெயர் சொல்லலாம். இங்கே உவால்டேப் பெற்றோருக்குப் பெயர் சொல்வதற்கு ஒருவருமில்லை. துவக்கு உரிமைக்காரர் 1993 இல் தோற்று இரண்டே வருடத்தில் வென்றார்கள், 2009 இல் தோற்று ஆறு வருடத்தில் வென்றார்கள். ஒவ்வொரு ஒற்றை ஆண்டும் ஒஸ்ரினில் வந்து நிற்பதற்கு அவர்களிடம் அமைப்பு உண்டு, காசு உண்டு, உட்கட்சித் தேர்தலில் ஆளை விழுத்தும் பலமும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும்.

2025 அமர்வில், ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு மூலம் துவக்கைத் தற்காலிகமாக எடுக்கும் முறை ரெக்சாசுக்குள் வரக்கூடாது என்று ஒரு சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு அமர்விலும் சட்டமூலங்களின் இலக்கம் ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கும். 2744 என்ற இலக்கம் அந்த அமர்வில் வேறொரு விடயத்துக்குப் போயிற்று.